சீர் மெத்தையின் பள்ளம்

தில்லைநாயகத்தின் சட்டைக் காலரில் மறுபடியும் இலவம்பஞ்சு ஒட்டியிருந்தது. ஊறவைக்க எடுத்த சட்டையை வாளியில் போடாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள் ராஜராஜேஸ்வரி. கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதுகிற மனுஷன்மேல் பஞ்சு எப்படி ஒட்டும்? வீட்டு மெத்தையிலிருந்து வந்தது என்று மனசைச் சமாதானப்படுத்தவும் வழியில்லை. அது ஏரலில் அவளுடைய அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து தைக்கவைத்த சீர் மெத்தை. அந்தக் கெட்டித் துணியை மீறி இரண்டு வருஷமாக ஒரு இழை வெளியே வந்ததில்லை. அப்படியென்றால் இது வேறு ஏதோ மெத்தையின் பஞ்சு.

அந்த நினைப்பு வந்ததும் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்து நின்றது. கொஞ்ச நாளாக அவர் கட்டிலில் தூங்குவதில்லை. பைய இறங்கித் தரையில் பாயை விரித்துக்கொள்கிறார். கேட்டால் புழுக்கம் என்கிறார். ஐப்பசி மழை ஓட்டில் சடசடவென்று அடிக்கும்போது என்ன புழுக்கம்? கல்யாணமான புதிதில் இப்படியா இருந்தார்? அவர் ஆள் கனம். அவர் படுத்த இடம் பள்ளமாகி, அவள் படுத்த உடனே உருண்டு அவர்மேல் போய் விழுவாள். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள், அடுத்த அறையில் அத்தை படுத்திருக்கிறாளே என்று. இப்போது அவள் நெருங்கினால் அவர் உடம்பு விறைத்துப் போகிறது. எதையோ கவனிக்கிறவர் மாதிரி அசையாமல் கிடக்கிறார். எதைக் கவனிக்கிறார்? யாரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்?

பால் ஊற்ற வந்த சந்தனமாரிதான் மிச்சத்தையும் சொன்னாள். சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் செம்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, தச்சநல்லூர்ல அண்ணாச்சிக்கு ஆரு இருக்கா? போன வியாழக்கெழம ஒரு வீட்டுப் பச்சைச் சன்னல் வழியா பாத்தேன். மல்லாந்து படுத்துக் கெடக்காவ. ஒரு பொம்பள பக்கத்துல நின்னு தலவாணியத் தட்டிக் குடுக்கா."

சங்கத்து ஆள் யாராவது இருப்பார்கள் என்று சொல்லிச் சமாளித்தாள் ராஜராஜேஸ்வரி. பாலை அடுப்பில் வைத்தது மறந்து, அது பொங்கி அடுப்பை அணைத்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த வியாழக்கிழமை, சங்கம் முடிகிற நேரத்துக்கு முன்பே டவுன் பஸ் பிடித்துத் தச்சநல்லூரில் இறங்கினாள். சந்தனமாரி சொன்ன பச்சைச் சன்னல் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கூடம் முழுக்க மெத்தைகள். சுவரில் சாய்ந்தும், ஒன்றின்மேல் ஒன்றாகவும், தைத்ததும் தைக்காததுமாக. மூலையில் ஒரு பெண் தலையணைக்குள் பஞ்சை அடைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். கோணி ஊசியோடு எழுந்து வந்தவர் தன் பெயர் ஹாஜா என்றும், தலையணை தட்டுகிறவள் தன் பெண்டாட்டி என்றும் சொல்லி, என்ன அளவில் வேண்டும் என்று கேட்டார்.

அவளுக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. ஒரு நிமிஷம்தான். சங்கத்திலிருந்து யாராவது வருவதுண்டா என்று விசாரித்ததும் ஹாஜா சிரித்துக்கொண்டே சொன்னார்.

"நல்ல அண்ணாச்சி. ஒவ்வொண்ணுலயும் படுத்துப் பாப்பாரு. வீட்டுக்குத்தான், ஆனா இரட்டை மெத்தை வேண்டாம், தனித்தனியா ரெண்டு வேணும்னுட்டாரு."

வேறொருத்தி இருந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. தனித்தனியாக இரண்டு. அவள் அங்கேயே ஒரு மெத்தைக் குவியலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

தில்லைநாயகம் வந்தார். அவளைப் பார்த்ததும் வாசலிலேயே குடையை மடக்குவதும் விரிப்பதுமாக நின்றார். ஹாஜாவுக்கு விஷயம் புரிந்ததோ என்னவோ, டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று பெண்டாட்டியையும் கண்ணைக் காட்டிக் கூட்டிக்கொண்டு வெளியே போனார்.

"என்னைய வேண்டாம்னா வாயால சொல்லலாமே" என்றாள். "மெத்தைய ரெண்டா வெட்டித்தான் சொல்லணுமா?"

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏளா, அந்த மெத்தை உன்னய என் பக்கமா தள்ளுது. நீயா வாறியா, அது தள்ளி வாறியான்னு எனக்கு ஒரு சந்தேகம். கீழ எறங்கிப் படுத்துப் பாத்தேன். ஒரு நாளாவது கூப்பிடுவன்னு நெனச்சேன். நீ கூப்பிடல."

கூப்பிடவில்லைதான். அவர் தானாக ஏறி வருவார் என்று அவள் மேலே விழித்துக் கிடந்தாள். மெத்தையைப் பிரித்துப் பஞ்சை அடித்துப் போடலாமென்று அவர் நினைத்தால், முதல் பிள்ளை பிறக்கிற வரைக்கும் சீர் மெத்தையின் தையலைப் பிரிக்கக் கூடாது என்பது அவர் குடும்பத்து வழக்கம். மாமனார் தந்ததைக் குறை சொன்னதாகவும் ஆகிவிடும். அதனால்தான் சொல்லாமல் தானே தேடி அலைந்ததாக மெல்லச் சொல்லி முடித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது.

"பள்ளம் உங்க பக்கம். நான் உருண்டாவது வந்தேன். நீங்க எந்தப் பக்கம் உருண்டிய?"

டீயோடு திரும்பிய ஹாஜாவிடம் அவளே பேசினாள். இரண்டு வேண்டாம், ஒன்றுதான். டிவி விளம்பரத்தில் வருகிற மாதிரி அடியில் தென்னைநார், மேலே மட்டும் பஞ்சு. அவர் பக்கம் இறுக்கமாக, தன் பக்கம் கொஞ்சம் மெதுவாக, மேல்மட்டம் மட்டும் ஒரே சமமாக. அப்பாவிடம் தான் சொல்லிக்கொள்வதாகவும் சொன்னாள்.

படுத்துப் பார்க்காமல் அளவு சொல்ல முடியாது என்றார் ஹாஜா. அவர் பெண்டாட்டி ஒரு போர்வையைக் குறுக்கே கட்டினாள். போர்வைக்கு இந்தப் பக்கம் கணவனும் மனைவியும் கூரை ஓட்டைப் பார்த்தபடி விறைப்பாகப் படுத்திருந்தார்கள். "அமுங்குதா அண்ணாச்சி?" என்று அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. இவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

மெத்தை வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அத்தை ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தாள். கதவைத் தாழிட்டுவிட்டு வந்து ராஜராஜேஸ்வரி, அவர் படுத்திருந்த புது மெத்தையில் தன் பக்கமாகப் படுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். உடம்பு எந்தப் பக்கமும் சரியவில்லை. பழைய மெத்தையில் அவர் ஒரு விரலை அசைத்தாலும் தெரியும். இதில் ஒன்றும் தெரியவில்லை. விழித்திருக்கிறாரா, தூங்கிவிட்டாரா, பாயைத் தேடிப் போய்விட்டாரா? வெளியே மழை விட்டு, இறவாரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. போய்த்தான்விட்டார் என்று அவள் முடிவுகட்டிய நேரம், பின்கழுத்தில் மூச்சு பட்டது. பிறகு இடுப்பில் ஒரு கை, கூச்சத்தோடு.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் வரட்டும் என்று தூங்குவது போலவே கிடந்தாள்.