கிழங்கு அவிந்த வீடு

தேநீருக்கு நசுக்கி வைத்திருந்த இஞ்சியை அன்னபாக்கியம் எடுத்து வெளியே எறிந்தாள். மரவள்ளி தின்ற வயிற்றில் இஞ்சி பட்டால் விஷம். யாழ்ப்பாணத்திலிருந்து அவள் கொண்டுவந்த எச்சரிக்கை அது ஒன்றுதான்.

கடல் கடந்து வந்த செங் ஊரின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவள் கணவர் ஆனந்தராஜா கிராணி, கணக்கெழுதும் வேலை. ரப்பர் விலை விழுந்து சம்பளம் பாதியான வருஷம் அது. வாங்கிய அரிசி அவருக்குத்தான் போதும். ஆனாலும், "கிராணி வீட்டில கிழங்கு அவியுதெண்டு லயத்துக் கூலியளிட்ட கதை வரப்படாது" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அன்று அவர் ஆபீசுக்குப் போன பிறகு, மூடிக்கிடந்த மரவள்ளி மாவு ஆலையின் பின்னால் விளைந்திருந்த கிழங்கைப் பிடுங்கி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஊரில் செய்வது போலவே துண்டு போட்டு அவித்தாள்.

"கசக்குது அம்மா" என்றாள் ஆறு வயது யோகம்.

"கிராணியாற்ற மகளுக்கு நாக்கு நீளம்! சம்பலோட தின்னடி."

யோகம் சிரித்துக்கொண்டே தின்றாள். தாய் தன் பங்கிலும் பாதியை அவளுக்கே வைத்தாள். விளக்கேற்றும் முன் பிள்ளை வாந்தி எடுத்தது, மூச்சு இரைத்தது. ஆனந்தராஜா ஓடிப்போய்த் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் வடிவேலுவை அழைத்துவந்தார்.

"என்னம்மா சாப்பிட்டுச்சு புள்ள?"

கணவர் பக்கத்தில் நின்றார். வாசலில் லயத்துப் பெண்கள் கூடியிருந்தார்கள்.

"சோறுதான்" என்றாள்.

வடிவேலு காய்ச்சல் என்று நினைத்து மருந்து கொடுத்தார். விடியுமுன் யோகம் அடங்கிவிட்டாள்.

அடுத்து வந்த மழைக்காலத்தில் ஒருநாள் வடிவேலு வீட்டு வாசலில் ஆனந்தராஜாவோடு பேசிக்கொண்டிருந்தார்.

"லயத்துல ஒரு பையன் பொழச்சான் கிராணியாரே. ஆலைக் கிழங்கத் தின்னுட்டான். அவன் ஆத்தா ஒடனே சொல்லிருச்சு, வாந்தி எடுக்க வச்சேன்."

"கிழங்கில விஷமோ?"

"மாவுக்குன்னு நட்ட கசப்புச் சாதி அது. விஷம் சர்க்கரையோட கட்டிக்கிட்டு கெடக்கும். அந்தக் கட்ட அவுக்கிற என்சைமும் அதே கிழங்குக்குள்ள இருக்குலா. துருவித் தண்ணியில ஊறப்போட்டா, தண்ணிய வச்சே அது கட்ட ஒடச்சிரும், விஷம் காத்தோட போயிரும். அப்படியே அவிச்சா சூட்டுல என்சைம் செத்துரும். விஷம் தங்கிப்போய், வயித்துக்குள்ளதான் அவுழும்."

"நல்ல காலம், எங்கட வீட்டுக்குள்ள அந்தச் சாமான் வாறதில்லை" என்றார் ஆனந்தராஜா.

கதவுக்குப் பின்னால் நின்ற அன்னபாக்கியம் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மகள் காய்ச்சலில் போனாள் என்றுதான் ஆனந்தராஜா இன்றைக்கும் சொல்கிறார்.