ஒரு விரற்கடைக்குப் பத்து மதிப்பெண்

கடலூர் முதுநகரில், உப்பனாற்றை ஒட்டியிருக்கும் அரசுப் பள்ளியின் ஓவிய ஆசிரியர் மணவாளன், நல்ல படத்தைப் பார்த்தால் தரையை விட்டு எழும்பிவிடுவார். படம் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு உயரம். ஒரு விரற்கடைக்குப் பத்து மதிப்பெண் என்பது பள்ளியின் கணக்கு. சுமாரான படத்துக்கு நான்கு விரற்கடை, நல்ல படத்துக்கு ஏழு. ஒன்பதைத் தாண்டி அவரை யாரும் எழுப்பியதில்லை. கால் தரையிலேயே நின்றுவிட்டால், தாளையும் பென்சிலையும் செலவழித்ததற்காக முப்பத்தைந்து.

இது தொடங்கியது தானே புயலுக்கு அடுத்த வருடம். துறைமுகத்துப் பையன் இளவரசு ஏழாம் வகுப்பில் தன் அம்மாவின் மீன்கூடையை வரைந்து கொண்டுவந்து நீட்டினான். கூடையின் பின்னல் ஒன்று அறுந்து தொங்குவதைக்கூட விடாமல் போட்டிருந்தான். அதைப் பார்த்துக்கொண்டிருந்த மணவாளனின் தலை மின்விசிறிக்குக் கொஞ்சம் பக்கத்தில் போனது. பிள்ளைகள் குனிந்து பார்த்தார்கள். செருப்புக்கும் தரைக்கும் நடுவே எட்டு விரற்கடை இருந்தது. அப்போதிருந்த தலைமையாசிரியர் பயந்துபோய் மேலிடத்துக்கு எழுதினார். பதினோரு மாதம் கழித்துப் பதில் வந்தது: பணி நேரத்தில் ஆசிரியர் பள்ளி வளாகத்துக்குள் இருந்தால் போதும், தரையில்தான் இருக்க வேண்டும் என்று விதி ஏதும் இல்லை. அதற்குப் பிறகு மணவாளன் கரும்பலகைக்குப் பக்கத்துச் சுவரில் பெயின்ட்டால் ஓர் அளவுகோல் வரைந்துகொண்டார். மதிப்பெண் போடும் நாளில் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் ஓரமாக நிற்பார். வகுப்புத் தலைவன் மண்டியிட்டு அளவைப் படிப்பான்.

அந்தக் கால் பொய் சொல்லாது என்று ஊருக்கே தெரியவந்தது சுப்புராயன் விஷயத்தில். ஐஸ் கம்பெனி சுப்புராயன் அப்போது பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். மகனுக்கு மற்ற எல்லாவற்றிலும் தொண்ணூறு, ஓவியத்தில் மட்டும் முப்பத்தைந்து என்றால் மானக்கேடு என்று, பேனர் எழுதும் ஆரோக்கியராஜிடம் ஒரு கலங்கரை விளக்கம் வரைந்து வாங்கி, மகன் கையில் கொடுத்தனுப்பினார். மணவாளன் எட்டு விரற்கடை எழும்பினார். இறங்கியதும் பையனைப் பார்த்து, இது யார் போட்டது என்று மட்டும் கேட்டார். பையன் அழுதுகொண்டே சொல்லிவிட்டான். மறுநாள் மணவாளன் பேனர் கடைக்கே போய், நாற்பத்தெட்டு வயது ஆரோக்கியராஜுக்கு ஓவியத்தில் எண்பது என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். எட்டாம் வகுப்போடு நின்றுபோன ஆரோக்கியராஜ் அதைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார். கல்யாண பேனருக்கு வருகிறவர்கள் அதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் டிசைன் பார்க்க முடியும். சுப்புராயனுக்குத்தான் அது ஆறவேயில்லை.

பள்ளியைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அது பள்ளத்தில் கட்டிய கட்டடம். ஐப்பசி பிறந்தால் வகுப்புக்குள் கணுக்கால் தண்ணீர் நிற்கும். ஒரு வருடம் ஐந்தாவது வரிசை பெஞ்சில் கெண்டை பிடித்திருக்கிறார்கள். நான்கைந்து வருடமாகத்தான் அந்தத் தொல்லை இல்லை. முன்பு தரையோடு தரையாக இருந்த வராந்தாவுக்கு இப்போது ஏழு படி. ஒவ்வொரு படியும் ஒரு சாண் உயரம் என்பதால் முட்டி வலிக்கிறது என்று தலைமையாசிரியை ஜான்சிக்குக் குறை. தரை அமுங்குகிறது என்று பொறியாளர் எழுதிவிட்டுப் போனார். வருடத்துக்கு இரண்டு தடவை குடிநீர்க் குழாயின் மூட்டு தானாக விட்டுப்போகும். காவலாளி அய்யனார் சணல் சுற்றிச் சரிசெய்வார், மீந்த செங்கல்லும் சிமெண்டும் வைத்து ஒரு படியும் கட்டிவிடுவார். அரசுக் கட்டடம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மணவாளன் குடியிருப்பது சிதம்பரத்தில். அவர் மகள் அனுப்பிரியாவுக்கு அங்கே நடந்து போகிற தூரத்தில் நான்கு பள்ளிகள். அவளோ அப்பாவின் வகுப்பில்தான் வரைவேன் என்று அடம்பிடித்து ஏழாம் வகுப்பில் முதுநகருக்கு வந்து சேர்ந்தாள். தினமும் காலை பாசஞ்சரில் அப்பாவும் மகளும் வருவார்கள், மாலை பாசஞ்சரில் போவார்கள். மணவாளன் அவளுக்கு ஒரே ஒரு சட்டம் போட்டார்: வீட்டில் படம் காட்டக் கூடாது. மகள் என்று சலுகை காட்டியதாக யாரும் வாய் திறந்துவிடக் கூடாதே. மதிப்பெண் போடும் நாளில், எல்லார் முன்னாலும், எல்லாரையும் போல.

அவள் முதலில் வரைந்தது துறைமுகச் சந்திப்பில் முறுக்கு விற்பவரின் கை. மணவாளன் வாங்கிப் பார்த்தார். தாளைத் திருப்பிக் கொடுக்க மனமே வரவில்லை. கால் அசையவில்லை. வகுப்புத் தலைவன் சங்கடத்தோடு, "பூஜ்யம் சார்" என்றான். முப்பத்தைந்து போட்டார். அடுத்து கிள்ளை ஸ்டேஷன் பெஞ்ச், அதற்கும் முப்பத்தைந்து. நான்கு வருடம், ஏழு படம், ஏழு முப்பத்தைந்து. கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற படம் காலுக்கு ஏன் தெரியவில்லை என்று அவர் மனதுக்குள் கிடந்து மாய்ந்தார். பெற்ற பாசம் கண்ணைக் கட்டுகிறது, கால்தான் நியாயம் சொல்கிறது என்று கடைசியில் முடிவுக்கு வந்தார். மதிப்பெண் போட்ட நாட்களில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஸ்டேஷன்கள் போய்க்கொண்டே இருக்கும், இரண்டு பேரும் பேச மாட்டார்கள்.

சென்ற கார்த்திகையில் வந்த புயலில் உப்பனாறு ஊருக்குள் புகுந்தது. துறைமுகத் தெருக்களிலிருந்து இருநூறு பேர் நான்கு நாள் பள்ளியில் தங்கினார்கள். தண்ணீர் மூன்று படி ஏறி, நான்காவதைத் தொடாமல் நின்றது. புயலால் தள்ளிப்போன அரையாண்டுத் தேர்வு தையில் வந்தது. அனுப்பிரியா அப்போது பத்தாம் வகுப்பு. தேர்வுக்குப் படத்தைக் கொடுத்துவிட்டு ரயிலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவள் திரும்பாமலே சொன்னாள்.

"இந்த வாட்டியும் முப்பத்தஞ்சுன்னா, இனிமே வரையறத விட்டுடறேன்ப்பா. ப்ளஸ் ஒன்ல காமர்ஸ் எடுத்துக்கறேன். கலர் பாக்ஸ யாருக்காச்சும் குடுத்துடறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். அவள் சாதாரணமாகச் சொன்னாள். அப்போதே முடிவெடுத்துவிட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது. மதிப்பெண் போடும் நாளன்று காலையில் மணவாளன் சாப்பிடவில்லை. பெல்ட், சாவிக்கொத்து, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினார். உடம்பு லேசாக இருந்தால் ஒரு விரற்கடையாவது எழும்பாதா என்ற நப்பாசைதான்.

அன்று பார்த்து வெளியாள் ஒருவரும் வந்திருந்தார். காற்றில் நின்று மதிப்பெண் போடுவதைக் கண்ணுள்ள ஒருவர் வந்து சரிபார்க்க வேண்டும் என்று சுப்புராயன் மனு மேல் மனுவாகப் போட்டதில், சிதம்பரத்துப் பள்ளி ஒன்றில் முப்பது வருடம் ஓவியம் கற்பித்த ராமாமிர்தம் டீச்சரை அனுப்பியிருந்தார்கள். தடித்த கண்ணாடி, கையில் குடை. வரைந்த பொருளையும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் அவர் மதிப்பெண் போடுவதில்லை. மணவாளன் எழும்பி எழும்பி இறங்க, டீச்சர் தனியாக ஒரு தாளில் தன் மதிப்பெண்ணைக் குறித்துக்கொண்டே வந்தார். நாற்பத்திரண்டு படத்துக்கும் இருவருக்கும் இரண்டு மூன்று மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசமில்லை. ஜான்சிக்குப் பெருமை பிடிபடவில்லை. நாற்பத்துமூன்றாவது தாளை மணவாளன் தொடவே இல்லை. டீச்சர்தான் எடுத்தார். டீ ஆறும் வரை கீழே வைக்கவில்லை.

புயல் நாளின் பள்ளி வாசல் அது. கீழே சேற்று நிறத்தில் தண்ணீர், மேலே படிகளில் ஆட்கள். ஒருத்தி புடவை பிழிகிறாள், ஒருவர் மருந்துச் சீட்டைக் காய வைக்கிறார், ஒரு ஆடு யாருடைய மடியிலோ தூங்குகிறது.

"ஒரு பள்ளிக்கூடத்து வாசலுக்கு ஏழு படியா? பொண்ணு பாத்து போட்டுச்சா, இல்ல ஜாஸ்தி போட்டுடுச்சா? எண்ணிட்டு வரேன், அதுக்குள்ள நீங்க பாருங்க சார்" என்று குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார் டீச்சர். ஏறி வரும்போது யார் படியை எண்ணுகிறார்கள்?

மணவாளன் அளவுகோலின் ஓரமாக நின்று மகளின் படத்தைக் கையில் எடுத்தார். பார்த்தார். கண் நிறைந்து தளும்பியது. கால் தரையிலேயே இருந்தது. "பூஜ்யம் சார்" என்றான் வகுப்புத் தலைவன், தலை நிமிராமல். அனுப்பிரியா கலர் பாக்ஸை மூடிப் பக்கத்துப் பெண்ணின் முன்னால் நகர்த்தி வைத்தாள். அந்த நேரத்தில்தான் வெளியே குழாய் மூட்டு விட்டுப்போன சத்தமும், அதற்கு மேலே ராமாமிர்தம் டீச்சரின் கூச்சலும் கேட்டன.

டீச்சர் கண்டது இவ்வளவுதான். ஏழாவது படியை எண்ணி முடித்து முற்றத்தில் நின்று நிமிர்ந்தபோது, பள்ளிக்கூடம் முழுதாக, கூரையும் தூணும் மணியும் உள்ளே இருந்தவர்களுமாக, பால் பொங்குவது போலச் சத்தமில்லாமல் மேலே வந்தது. ஒரு சாண் வந்து நின்றுகொண்டது. பக்கத்தில் அய்யனார் கொத்துக்கரண்டியோடு தயாராக நின்றிருந்தார். பாண்டுச் சட்டியில் சிமெண்டுக் கலவை குழைத்து வைத்திருந்தது. "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்றார்.

எல்லாரும் வராந்தாவுக்கு ஓடி வந்தார்கள். மேல்படிக்கும் வராந்தாவுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது.

"எப்பவும் நடக்கறதுதான சார்" என்றார் அய்யனார். "பாப்பா படத்த நீங்க கையில எடுத்தா ஒரு சாண் ஏறும். நானும் ஒரு படி கட்டிடுவேன். மார்க் போடற நாளுன்னா காலையிலயே மண்ண சலிச்சு வெச்சிடுவேன்."

"இத ஏன்யா இத்தன வருஷமா சொல்லல?" என்று ஜான்சி கத்தினார்.

"நீங்க எல்லாம் உள்ளதான இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்கு எப்டிம்மா தெரியும்?"

ராமாமிர்தம் டீச்சருக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் முப்பது வருடம் மதிப்பெண் போட்ட வாய். "தரையில இருந்து அளந்தீங்க சார். தரையே சேந்து ஏறிச்சுன்னா உங்க அளவுகோல் என்னா பண்ணும்? மத்த புள்ளைங்க உங்கள மட்டும் தூக்கிச்சுங்க. இது எல்லாரையும் தூக்கிடுச்சு."

மணவாளன் வராந்தா விளிம்பில் கால் தொங்க உட்கார்ந்துவிட்டார். ஒரு சாணுக்குப் பன்னிரண்டு விரற்கடை என்பது அவருக்குத் தெரியாததில்லை. நூற்றுக்கு நூற்றிருபது வாங்கிய பிள்ளைக்கு ஏழு தடவை முப்பத்தைந்து போட்டிருக்கிறார். "தப்பு பண்ணிட்டேன் பாப்பா" என்றார். அனுப்பிரியா அவரைப் பார்க்கவில்லை. கீழ்ப்படிகள் மூன்றிலும் இன்னும் போகாமல் இருந்த வெள்ளக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புயலப்ப இங்க தங்குனாங்களே இருநூறு பேரு, அவுங்க எம் படத்துமேலயா நின்னாங்க?" என்று கேட்டாள்.

"ஆமா பாப்பா" என்றார் அய்யனார். "எங்க வீட்டாளுங்க பதினோரு பேரும்."

அவள் உள்ளே போய்ப் பக்கத்துப் பெண்ணின் முன்னாலிருந்த கலர் பாக்ஸை எடுத்துக்கொண்டு வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து அய்யனார் செங்கல் வைப்பதைப் பார்த்தார்கள். மணவாளனுக்கு இருந்த பெருமைக்கு அந்தக் கட்டடம் இன்னொரு சாண் போயிருந்தாலும் ஆச்சரியமில்லை. போகவில்லை, எட்டு படியோடு நின்றது. பதிவேட்டில் நூறுக்கு மேல் எழுத வழியில்லை என்று ஜான்சி கவலைப்பட்டபோது, ராமாமிர்தம் டீச்சர் பேனாவை வாங்கி நூறு என்று எழுதி, குறிப்புப் பகுதியில் "மீதி இருபது கட்டடத்தில் உள்ளது" என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். பழைய ஏழு முப்பத்தைந்தையும் மணவாளனே சிவப்பு மையால் அடித்துத் திருத்தினார். மேலிடத்திலிருந்து இதுவரை விளக்கம் ஏதும் கேட்கவில்லை. இனி மதிப்பெண் போடும் நாளில் குழாயை முன்கூட்டியே கழற்றி வைப்பது என்று மட்டும் ஆசிரியர் கூட்டத்தில் முடிவானது.

அன்று மாலை பாசஞ்சரில் அப்பாவும் மகளும் சிதம்பரம் வரும்வரை பேசிக்கொண்டே வந்தார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் மணவாளன் தன் சட்டத்தைத் தானே ரத்து செய்தார். நான்கு வருடமாக வீட்டில் வரைந்து ஒளித்து வைத்ததையெல்லாம் கொண்டுவரச் சொன்னார். அனுப்பிரியா கட்டிலுக்கு அடியிலிருந்து படக்கட்டு ஒன்றை இழுத்தாள். ஐம்பது அறுபது தாள் இருக்கும். அவள் அம்மா மாலதி நடந்ததையெல்லாம் கேட்டபடி தோசைக்கல்லை இறக்கி வைத்தாள்.

"இருடி, காட்டிடாத. மொதல்ல கேஸ் ட்யூப கழட்டிட்டு வரேன், குழாயையும் பாத்துட்டு வரேன்" என்றாள். பிறகு வீட்டுச் சொந்தக்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தாள். மணவாளன் கையை நீட்டினார்.

மறுநாள் காலையில் அய்யனார் கொத்துக்கரண்டியோடும் மூன்று மூட்டை சிமெண்டோடும் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினார்.