வட்டவிதானை தவறவிட்ட தண்ணிமுறை

பஸ்லியாவுக்கு இப்போதும் சில விடியல்களில் அந்தச் சைக்கிள் மணி கேட்பது போலிருக்கும். புருஷன் அபுல் ஹஸன் வயல் காவல் குடிசையான வாடியில் படுத்தெழும்பி, ஹேண்டிலில் பனையான் மீன் கோர்வை தொங்க, அட்டாளைச்சேனைக்கு வந்து சேருகிற மணி. கலியாணம் முடித்து ஒன்பது வருசம், வீட்டில் இரண்டே பேர். மீனை ஆக்கி, ஒரே சகன் தட்டில் தின்று, யாருக்கும் பங்கு வைக்காமல் முள்ளையும் உறிஞ்சிப் போட்ட காலம் அது. பிள்ளை மட்டும் இல்லை.

அபுல் ஹஸன் வட்டவிதானை. நூற்றைம்பது ஏக்கர் வயலில் யாருக்கு எந்த நாள் தண்ணி என்று முறை வைப்பது அவர் வேலை. இங்கினியாகலையில் குளத்துக் கதவைத் திறந்தால் இங்கே இவருடைய கால் பெருவிரல் குளிரும். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். நம்பாமல் அந்த விரலைத் தொட்டுப் பார்த்த இரண்டு பேருக்குத் தடிமனும் தும்மலும் பிடித்தது.

அவருடைய மார்க்கப் பேணுதல் அதைவிடக் குளிர். பஸ்லியா மாதவிடாயென்று தொழாமல் இருக்கிற நாளெல்லாம், படுக்கைப் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாடிக்குப் போய்விடுவார். அவ்வளவு தூரம் போகச் சொல்லி எந்தக் கிதாபும் சொல்லவில்லை. ஒரே அறையில் கிடந்தால் மனசு சொல்வழி கேட்காது என்பது அவருடைய சொந்தப் பயம். அவள் குளித்துச் சுத்தமான பிறகும் பேணுதலுக்கென்று இரண்டு நாள் கூட்டிப் போடுவார்.

பிள்ளைக்காக அவள் குடிக்காத கசாயம் இல்லை. கசப்புத் தாங்காமல் ஜன்னலால் துப்பித் துப்பி, மலடென்று வெட்ட வைத்திருந்த மாதுளை வருசத்துக்கு நாலு தரம் காய்த்தது. பஸ்லியாவுக்கு முப்பத்துநாலு வயசாயிற்று. "இனியும் சுணங்கினா வராதுகா" என்று கூடப்பிறந்த அக்கா, றபீக்கா தாத்தா, வெள்ளிக்கு வெள்ளி வந்து சொல்லிவிட்டுப் போனாள். வராமலே போய்விடுமோ என்ற பயம் பஸ்லியாவின் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

அப்படியிருக்கையில் ஒரு பின்னேரம், பக்கத்து வீட்டுக் குழந்தையை எடை நிறுத்துவிட்டு, மிட்வைஃப் மெட்டில்டா தண்ணி கேட்டு வந்தாள். கல்முனைக்காரி, மெதடிஸ்த வேதக்காரி. அவள் உள்ளே வர, வட்டவிதானை பாயோடு வெளியே போனார்.

"எங்க போறார், பாயோட?"

"வாடிக்கு மிஸ். எனக்குத் தொழுகை இல்ல."

"ரெண்டு கிழமைக்கு முன்னயும் பாயோட கண்டனே?"

"ஓம். எனக்கு மாசத்துல ரெண்டு தரம் வரும்."

மெட்டில்டா கிளாசைக் கீழே வைத்தாள். "ரெண்டாந்தரம் எவ்வளவு படும்?"

"ரெண்டு சொட்டு. மறுநாள் பழுப்பா ஒரு கறை. அவ்வளவுதான்."

"முதல் நாள்ல இருந்து எத்தனையாம் நாள்?"

"பதினாறு, பதினேழு. குமர்ப்புள்ளயா இருந்த காலத்துல இருந்தே அப்பிடித்தான்."

"ஆண்டவரே! புள்ள, அது மாசவிடாயா இருக்காது. ரெண்டு ஹோர்மோன் மாறி மாறி முறை வெச்சுத்தான் இந்த உடம்ப நடத்துது. முதலாவது கர்ப்பப்பைக்குள்ள மெத்தை கட்டும். முட்டை வெளியாகிற நேரம் அது டக்கெண்டு இறங்கும். மற்றது வந்து பொறுப்பெடுக்கிறதுக்குள்ள கொஞ்சம் கசியும். சில பொம்புளைகளுக்கு அப்பிடி."

"அப்ப வருத்தமில்லையா மிஸ்?"

"பார்க்காமச் சொல்லேலாது. தைரொயிட், கட்டி, கிருமி எண்டாலும் கசியும். கிளினிக்குக்கு வாங்க, இரத்தம் எடுத்து ஸ்கேனும் பார்ப்பம். ஒண்டுமில்லையெண்டா..." தெருமுனையில் மறைந்துகொண்டிருந்த பாயைக் காட்டினாள். "ஒண்டுமில்லையெண்டா, புள்ள தங்குற நாளாப் பார்த்துத்தான் உங்கட மனிசன் ஓடுறார்!"

ஒன்றுமில்லை. ஹோர்மோன் அளவெல்லாம் சரி என்றார் டொக்டர். கசிவு கூடினாலோ, நாள் நீண்டாலோ, வலித்தாலோ தாமதிக்காமல் வரச் சொன்னார்.

"டொக்டர் சொன்னது உடம்புக்கு. மார்க்கத்துக்கு?" என்றார் வட்டவிதானை.

"மௌலவிக்கிட்டப் போய்க் கேளுங்க மச்சான்."

போனார். வெட்கத்தில் நெல்லுக்கு ஸக்காத்து எப்படியென்று கேட்டுவிட்டு வந்தார். மறுபடி போய், மழைக்கு ஓதுகிற துஆவைப் பாடமாக்கிக்கொண்டு வந்தார். மூன்றாந்தரம் பஸ்லியா ஒரு தாளில் நாட்களை எழுதி மடித்துக் கொடுத்தாள்.

மௌலவி கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "தொடங்கின நாள்ல இருந்து பதினஞ்சு நாள் தாண்டிட்டுது. சுத்தமாகிப் பதினஞ்சு நாள் இன்னும் ஆகல்ல. இது மாதவிடாய் இல்ல, வட்டவிதானை. அவ கழுவி, ஒளுச் செய்து தொழணும். நீங்களும் வீட்டுல இருக்கலாம்."

"பேணுதலுக்கு?"

"பேணுதலுக்கு வீட்டுலயே இருங்க!"

வீட்டுக்கு வந்தவர் வாசற்படியில் குந்திவிட்டார். "ஊருக்கெல்லாம் முறை வெச்சன் புள்ள. என்ட வயலுக்குத் தண்ணி வாற நாளாப் பார்த்துக் கதவப் பூட்டிட்டுப் போயிருக்கன். ஒம்பது வருசம்!"

பஸ்லியா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அவரை நோக முடியாது. தொழுகையை விட்டவள் அவள்தானே. இருவரும் அல்லாஹ்வுக்குப் பயந்தே பிழை விட்டிருந்தார்கள்.

அடுத்த பதினாறாம் நாள் அவர் எங்கும் போகவில்லை. வாடியில் ஆளில்லையென்று கண்ட பன்றிகள், வட்டவிதானை மௌத்தாகிவிட்டார் போலும் என்று, துக்க மரியாதைக்கு ஒரு கிழமை வயலில் இறங்காமல் இருந்தன. ஐந்து மாசம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஐந்து மாசமும் பஸ்லியா மூச்சை எண்ணி விட்டாள். ஆறாம் மாசம் மெட்டில்டா வந்து கர்ப்பிணிக் கொப்பியில் அவள் பெயரை எழுதினாள்.

நதீராவுக்கு இப்போது நாலு வயசு. அவள் வீரிட்டால் ஒலுவில் துறைமுகத்தில் கட்டின வள்ளம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறது என்கிறார்கள். பஸ்லியா ஒவ்வொரு வக்துத் தொழுகைக்குப் பிறகும், அந்த வருசங்களில் பிழையாக விட்டுப்போன ஒரு தொழுகையைக் களாவாகத் தொழுகிறாள். அதற்குள்ளேயே முதுகில் ஏறிவிடுகிறாள் மகள்.

நேற்றுப் பகல் ளுஹர் தொழுத பிறகு அதிசயமாகப் பிள்ளை தூங்கிவிட்டாள். வீடு முழுக்க அமைதி. பஸ்லியாவுக்கு அது எங்கேயோ வைத்து மறந்த சாமான் மாதிரி இருந்தது. இந்தப் பிள்ளைக்காக ஒன்பது வருசம் அழுதவள் இதைச் சொல்லலாமா என்று யோசித்தாள். சொன்னாள்.

"நம்ம ரெண்டு பேரும் மட்டும் இருந்த காலமும் நல்லாத்தான் இருந்தது, என்ன மச்சான்?"

"எனக்கும் இடைக்கிடை தோணும். உன்னப் பயந்து சொல்றல்ல."

கொஞ்ச நேரம் அந்த அமைதியில் இருந்தார்கள். பிறகு அது கூடிவிட்ட மாதிரிப் பட்டது. இரண்டு பேரும் ஒன்றாக எழும்பி, பிள்ளை மூச்சு விடுகிறாளா என்று பார்க்கப் போனார்கள்.