மூன்றாம் அறையின் பச்சைக் கோடு

திரையில் நான்கு பச்சைக் கோடுகள். ஒரு கோட்டுக்கு ஓர் அறை. ஒரே கணினியிலிருந்து நான்கு தேர்வறைகளின் ஸ்பீக்கர்களுக்கும் ஒரே பதிவு போகிறது. எந்த அறைக்கு எவ்வளவு சத்தம் போகிறது என்பதைக் கோடுகள் ஏறி இறங்கிக் காட்டும். பதிவில் ஒருவர் பேசுவார், கேள்வி கேட்பார், பதில் எழுத இடைவெளி விடுவார். ஒரே முறைதான் ஓடும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான்கு அறைகளையும் மாற்றி மாற்றிக் கேட்பதும், கோடுகளைக் கவனிப்பதும் என் வேலை. கோடுகளைக் கவனிப்பேன். கேட்பதுதான் இல்லை.

இரண்டு வருடமாக இல்லை. இடது காது முழுசாகப் போய்விட்டது. வலது காதில், பக்கத்தில் வந்து பேசினால் பாதி விழும். மீதியை உதட்டைப் பார்த்து ஒப்பேற்றுவேன். சவுண்டு பார்க்கிறவனுக்கே காது கேட்காது என்று தெரிந்தால் முதலில் சிரிப்பார்கள், பிறகு வீட்டுக்கு அனுப்புவார்கள். அதனால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவ்வப்போது தலையாட்டுவேன். தலையாட்டுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அன்று மூன்றாம் அறையில் என் தங்கை இருந்தாள். நர்ஸ். வெளிநாட்டு வேலைக்கான உத்தரவு கைக்கு வந்துவிட்டது. இந்த மொழித்தேர்வில் தேறினால்தான் அது செல்லும். கேட்டு எழுதும் இந்தப் பகுதியில் இரண்டு முறை கோட்டைவிட்டவள். இது மூன்றாவது முறை, அதற்கு மேல் விடமாட்டார்கள். தங்கை எழுதுகிறாள் என்று தேர்வு அதிகாரியான மேடத்திடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். "ரெக்கார்டை ஓட்டுறவரு நீங்க. இதுல என்ன சார் ஓரவஞ்சனை பண்ணிட முடியும்?" என்று சிரித்தார்.

தங்கை ஆறு மாதமாக என்னோடு பேசுவதில்லை. அவள் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பதில்லை, எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று சண்டை. நான் மறுத்துப் பேசவில்லை. அவளிடம் உண்மையைச் சொன்னால் அம்மாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரியும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் பேசாமலிருந்தது எனக்குச் சௌகரியமாகக்கூட இருந்தது.

பதினோரு மணிக்குப் பதிவை ஓடவிட்டேன். முதல் கேள்வி முடிந்து இடைவெளி வந்தது. ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய மூன்று கோடுகளும் சட்டென்று தரைக்கு விழுந்தன. மூன்றாவது மட்டும் பாதி உயரத்தில் நின்றது.

இரண்டாவது கேள்வி. மறுபடியும் இடைவெளி. மறுபடியும் அது விழவில்லை. பேச்சு நின்ற பிறகும் அந்த அறைக்கு ஏதோ போய்க்கொண்டே இருக்கிறது. ஹெட்போனை மூன்றாம் அறைக்கு மாற்றி வலது காதோடு வைத்து அழுத்தினேன். காது வலித்ததுதான் மிச்சம். ஒரு முணுமுணுப்பு கேட்டது. எனக்கு எல்லாமே முணுமுணுப்புதான்.

ஒரு சமாதானம் இருந்தது. இரைச்சல் இருந்தால் அங்கே உட்கார்ந்திருக்கும் இருபது பேரில் ஒருவராவது கையைத் தூக்கியிருக்க மாட்டார்களா? மேற்பார்வையாளர் போன் செய்திருக்க மாட்டாரா? போனைப் பார்த்தேன். அதன் விளக்கு எரியவில்லை. நானாக நிறுத்தவும் பயம். நிறுத்திவிட்டால் அந்த அறைக்கு அந்தப் பதிவை மறுபடி ஓட்ட முடியாது. மாற்றுப் பதிவு ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஒன்றுமில்லாததற்கு நிறுத்தி, நன்றாக எழுதிக்கொண்டிருந்தவளின் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுவிட்டால்?

நாலாவது கேள்வி. ஐந்தாவது. பக்கத்து மேசையில் மேடம் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ஹெட்போனைக் கழற்றி அவரிடம் நீட்டினால் போதும், ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆனால், "ஏன், உங்களுக்குக் கேட்கவில்லையா?" என்று அவர் கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து ஆறாவதையும் ஏழாவதையும் போகவிட்டேன். என் மேலேயே எனக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

எட்டாவது இடைவெளியிலும் கோடு விழவில்லை. எழுந்து போய் ஹெட்போனை நீட்டினேன். "மேடம், இதைக் கொஞ்சம் கேளுங்க."

மாட்டிய வேகத்தில் அவர் முகம் சுருங்கியது. "ஐயோ, என்ன சார் இது! ஒரே இரைச்சல். பேசுறது ஒரு வார்த்தை புரியலையே. இவ்வளவு நேரம் என்னதான் கேட்டுக்கிட்டிருந்தீங்க?"

"எனக்குக் காது கேட்காது மேடம்."

விளையாடுகிறேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. என் முகத்தைப் பார்த்ததும் பாய்ந்து மூன்றாம் அறையை நிறுத்தினார். அப்புறம் என் மேசையைக் காட்டினார். மைக், அதன் பின்னால் முழு வேகத்தில் சுழலும் டேபிள் ஃபேன். தேர்வுக்கு முன், செல்போன்களை அணைக்கும்படி மூன்றாம் அறைக்கு மட்டும் இன்னொரு தடவை அறிவிக்கச் சொன்னார்கள். அந்த அறைக்கு மைக்கை இணைத்து அறிவித்தேன், பிறகு துண்டிக்க மறந்தேன். காதுள்ள எவனும் பதிவு தொடங்கிய அடுத்த நொடியே கண்டுபிடித்திருப்பான்.

"மாத்து ரெக்கார்டு போட்டுடலாம், நான் உட்காந்து பாத்துக்கறேன். நீங்க இனிமே அந்த சீட்ல உட்கார வேணாம் சார்," என்றார். கத்தியிருந்தால் தேவலை.

கீழே இறங்கினேன். மூன்றாம் அறைக்காரர்களைப் பத்து நிமிடம் வெளியே விட்டிருந்தார்கள். தங்கை என் இடப்பக்கமாக வந்து ஏதோ சொன்னாள். உதட்டைப் பார்க்கவில்லை, வழக்கம்போலத் தலையாட்டினேன். அவள் தோளைப் பிடித்து உலுக்கித் தன் பக்கம் திருப்பினாள்.

"எதுக்குத் தலையாட்டுற? ஏன் நிறுத்தலன்னு கேக்கறேன்! எல்லாரும் கையைத் தூக்கினாங்க. நான்தான் இறக்கச் சொன்னேன். மேல எங்கண்ணன் இருக்கான், கேட்டுக்கிட்டேதான் இருப்பான், இப்ப சரி பண்ணிடுவான்னு ரூம்ல இருந்த சாருகிட்டயும் சொன்னேன். அதனாலதான் அவரு போன் பண்ணல."

கண்ணெடுக்காமல் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அவள் கவனித்துவிட்டாள். மெதுவாக என் பின்பக்கம் போனாள். எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. நான் திரும்பியபோது அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"மூணு தடவை கூப்பிட்டேன்," என்றாள். "எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

"அப்ப வீட்ல நான் கூப்பிடும்போதெல்லாம்..."

எல்லோரும் அறைக்குள் போகத் தொடங்கினார்கள். மணி அடித்திருக்க வேண்டும். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைசி ஆளாக உள்ளே போனாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். பதிவு தொடங்கிவிட்டதா, அது தெளிவாகக் கேட்கிறதா, எனக்கு எதுவும் தெரியவில்லை. பார்க்க ஒரு கோடுகூட இல்லை. எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். தங்கை மட்டும் பேனாவைப் பிடித்தபடி, எழுதாமல், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.