ஊசியின் பங்கு

ஜொஹராவின் இடது மார்புக்கு எண்ணூறு ரூபாய் விலை போட்டிருந்தார்கள். போக்குவரத்துப் படி என்று அதற்குப் பெயர். ஒரு தடவை வந்து போனால் எண்ணூறு. மார்பை எடுத்துக்கொள்ளப் போவதுமில்லை, உள்ளேயிருக்கும் கட்டியைப் படம் மட்டும் எடுப்பார்களாம். படமும் இலவசமாம்.

கபீர் ஆஸ்பத்திரியில் கொடுத்த அந்த ஆய்வுத் தாளை மூன்று முறை படித்தார். காரைக்கால் கடைத்தெருவில் இருபத்தாறு வருஷமாக வெளிநாட்டுச் சாமான் விற்கிறவர். சென்ட் பாட்டிலைத் திறக்காமலே அது துபாயில் அடைத்ததா நடுவழியில் அடைத்ததா என்று சொல்லிவிடுவார். இலவசம் என்ற சொல்லை அவரும் கடை வாசலில் எழுதி வைத்தவர்தான். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று எழுதுவதற்கு முன்பே அந்த மூன்றாவதின் விலையை முதல் இரண்டில் ஏற்றி முடித்திருப்பார். ஆகவே மனைவியின் கட்டியை யாரோ கைக்காசும் கொடுத்துப் படம் பிடிக்கிறேன் என்றால், விலையை எதில் ஏற்றியிருக்கிறார்கள் என்பதுதான் அவர் கேள்வி.

தாளின் நான்காம் பத்தி இன்னும் கலக்கியது. ‘இந்த ஆய்வினால் தங்களுக்கு நேரடிப் பயன் எதுவும் இல்லை.’

பக்கத்துச் செருப்புக் கடை காஜா நஜ்முதீனிடம் அதை நீட்டினார். “எந்தக் கடைக்காரனாவது என் சரக்கால உனக்குப் பிரயோசனம் இல்லைன்னு எழுதி ஒட்டுவானா?”

“ஒட்டினா அவன் கிறுக்கனா இருக்கணும். இல்லே, நம்ம ரெண்டு பேரையும் சேர்த்து வித்துட்டுப் போற கில்லாடியா இருக்கணும்,” என்றார் நஜ்முதீன். “படத்தை வெளிநாட்டுக்கு அனுப்புவானுவ பாய். அங்கே ஒரு படம் லட்சம் போகும்.”

“உமக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது. ஆனா எண்ணூறு ரூவாயைச் சும்மா குடுக்கிறான்ல?”

அந்த வாதத்தில் கபீருக்கு ஓட்டை எதுவும் தென்படவில்லை. சாயங்காலம் அதை அப்படியே திருமலைராயன்பட்டினத்து வீட்டுக்கு எடுத்துப் போனார். ஜொஹரா ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாள்.

“எனக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்கே காட்டுறேங்கிறாங்க மச்சான். நான் போறேன்.”

“எதுக்குக் காட்டுறான்னு தெரிய வேணாமா?”

“அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணு விவரமாச் சொல்லுச்சு. உங்க காதுல எண்ணூறு மட்டும்தான் விழுந்துச்சு.”

கபீரின் தொழிலில் ஒரு விதி உண்டு. இரண்டாவது கடையில் நிற்கும்போது முதல் கடையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அவன் தன் விலையைச் சொல்லமாட்டான். முதல் விலையில் பத்து ரூபாய் குறைத்துச் சொல்லுவான். அசல் நிலவரம் வேண்டுமென்றால் ஒன்றும் தெரியாத ஆளாய்ப் போய் நிற்க வேண்டும். அந்த விதிப்படி, படம் எடுக்கும் நாளுக்கு நான்கு நாள் முன்னால் ஜொஹராவைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். காரைக்காலில் ஒரு மாதம் முன்பு ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்த ரிப்போர்ட் பையின் அடியில் இருந்தது. கட்டி இருக்கிறது, இதுவரை எங்கும் காட்டவில்லை என்று அங்கிருந்த டாக்டரிடம் சொன்னார். அந்த டாக்டரும் முறைப்படி இன்னொரு ஊசி போட்டுச் சதை எடுத்தார். மூன்றாம் நாள் கைப்பேசியில் ரிப்போர்ட் வந்தது. அதே நோய், அதே பெயர்.

முதல் கடை ஏமாற்றவில்லை என்று கபீருக்கு ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. எதற்கு நிம்மதிப்பட்டோம் என்று உறைத்ததும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார்.

“காரைக்கால்ல இதைச் சொல்ல வேணாம்,” என்றார் வெளியே வந்து. “ரெண்டு பக்கமும் தனித்தனியாப் பேசினாத்தான் உண்மை வரும்.”

ஜொஹரா அவரைப் பார்த்தாள்.

மறுநாள், காரைக்காலில், படம் எடுக்கும் அறையில், ஆய்வுக் குழுவைச் சேர்ந்த வெண்மதி தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். கோட்டுச்சேரிப் பக்கத்துப் பெண், முப்பது வயதிருக்கும்.

“போன மாசம் போட்ட ஊசிக்கு அப்புறம் வேற எங்கேயும் ஊசி, கத்தி எதுவும் படலையேம்மா?”

“இல்லைம்மா,” என்றார் கபீர், ஜொஹரா வாய் திறப்பதற்குள். பிறகு பேச்சை மாற்ற அவரே கேட்டார். “இந்தப் படத்தை வெச்சு நீங்க என்ன பண்ணுவீங்க?”

“கட்டி வேகமா வளரும் பாய். அந்த வேகத்துக்கு ரத்தம் போய்ச் சேராது. நடுவுல ஆக்ஸிஜன் குறைஞ்சு மூச்சு முட்டும். உடனே அது புதுசா ரத்தக் குழாயை வளர வெச்சுத் தன் பக்கம் இழுத்துக்கும். கோணல்மாணலா, ஒழுங்கே இல்லாம.”

“நகராட்சிக்குத் தெரியாம தண்ணிக் குழாய் இழுக்கிற மாதிரி,” என்றாள் ஜொஹரா கட்டிலில் இருந்தபடி.

“அதேதாம்மா! அந்தக் குழாய்ல மருந்தும் ஒழுங்காப் போகாது. மூச்சு முட்டுற இடம் மருந்துக்கு லேசுல அசையாது. இந்தக் கருவி வெளிச்சத்தை உள்ளே விடும். ரத்தம் அதை வாங்கிட்டு நம்ம காதுக்குக் கேக்காத ஒரு சத்தம் குடுக்கும். அதைக் கேட்டுப் படம் வரையும். ஆக்ஸிஜன் உள்ள ரத்தம் சிவப்பு, குறைஞ்சது நீலம்.”

“வெளிச்சத்தைக் குடுத்துச் சத்தத்தை வாங்குறீங்க. லாபம் யாருக்கு?”

“இன்னிக்கு யாருக்கும் இல்லை பாய். நூறு பேரோட படம் சேர்ந்தா, எந்தக் கட்டி எந்த மருந்துக்கு மசியும்னு முன்னாடியே சொல்ல முடியுமான்னு பார்ப்போம்.”

ஓகோ, மொத்த வியாபாரம் என்று கபீர் மனதுக்குள் முடிந்துகொண்டார். ஆனாலும் வாங்குகிறவன் யார் என்று இவள் சொல்லவில்லையே.

விளக்கு அணைந்தது. கருவியின் வெளிச்சம் கண்ணில் படாமலிருக்க மூன்று பேரும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள். வெண்மதி கருவியை ஜொஹராவின் மார்பில் வைத்து நகர்த்த, திரையில் முதலில் சிவப்பு இழைகள் வந்தன. சிக்கலில் விழுந்த நூல்கண்டு போல ஒன்றின்மேல் ஒன்று. பிறகு நடுவில் நீலம். சின்னப் பொட்டாக ஆரம்பித்து, கை நகர நகரத் திரையின் பாதியை விழுங்கியது.

வெண்மதியின் கை நின்றது. திரும்ப அதே இடத்துக்குப் போனது.

கபீர் முகம் பார்த்துப் பிழைத்தவர். கண்ணாடிக்குக் கீழே தெரிந்த அந்த உதட்டை அவருக்குத் தெரியும். சரக்கில் பழுதைக் கண்டுவிட்டு வெளியே காட்டாமல் இருக்கிறவனின் உதடு.

“என்னம்மா?”

“எங்க பெரிய டாக்டர் சிவராமன் பார்த்துத்தான் சொல்லணும் பாய்.”

“நீலம்னா மூச்சு முட்டுறதுன்னு சொன்னே.”

“ஆமா.”

“அப்ப மருந்துக்கு அசையாது?”

அவள் கருவியை மறுபடி நகர்த்தினாள். அதுவரை அந்தத் தாளின் ஒரு வரியைக்கூட நம்பாத மனிதர், அந்த நீலத்தை மட்டும் மிச்சமில்லாமல் நம்பினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மச்சான்,” என்றாள் ஜொஹரா இருட்டில். “நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?”

தொழிலுக்கு வந்த நாள் முதல் ஒருவரும் கபீரின் வாயிலிருந்து இன்னொரு கடையின் பெயரைப் பிடுங்கியதில்லை. இப்போது அவரே சொன்னார். “தஞ்சாவூர்ல ஒரு ஊசி போட்டாங்க. நாலு நாள் ஆச்சு.”

“இதே இடத்துலயா?”

“இதே இடத்துல.”

வெண்மதி கருவியைக் கீழே வைத்து விளக்கைப் போட்டாள். கோபத்தை விழுங்கிக்கொண்டு சொன்னாள். “ஊசி போன இடத்துல ரத்தம் கசிஞ்சு தேங்கி நிக்கும் பாய். தேங்கின ரத்தமும் நீலமாத்தான் தெரியும்.”

“அப்ப இது ஊசியோட நீலம்!” கபீர் எழுந்தே விட்டார்.

“இருக்கலாம். கட்டியோடதாவும் இருக்கலாம். பிரிச்சுச் சொல்ல முடியாது.”

“நாளைக்கு மறுபடி எடுங்க.”

“அது வடிய மூணு வாரமாவது ஆகும். திங்கக்கிழமை மருந்து ஏத்துறாங்க. மருந்து உள்ளே போயிட்டா, அதுக்கு முந்தின படம்னு ஒண்ணு கிடைக்காது. சிகிச்சை மாறாது, கவலைப்படாதீங்க. இந்தப் படம் மட்டும் எங்களுக்கு உதவாது.”

“மருந்தை மூணு வாரம் தள்ளிப் போட்டா?”

“ஒரு நாள் தள்ளமாட்டேன்,” என்றாள் ஜொஹரா, முக்காட்டைச் சரிசெய்தபடி.

கபீர் வெண்மதியின் பக்கம் திரும்பினார். குரல் தாழ்ந்திருந்தது. “வேற கருவி, வேற ஊரு, எதுவா இருந்தாலும் சரிம்மா. எவ்வளவு ஆகும்னு சொல்லு. பேரம் பேச மாட்டேன்.”

“விலைக்குக் கிடைச்சா நானே சொல்லியிருப்பேனே பாய்.”

ஆட்டோ கடைத்தெருவைத் தாண்டித் தெற்கே திரும்பியது.

“கணக்குச் சொல்லவா மச்சான்?”

“இப்ப வேணாம் ஜொஹரா.”

“இப்பத்தான்.” அவள் விரலை மடக்கினாள். “ஊசி ரெண்டு. ஒண்ணு எனக்காக, ஒண்ணு உங்களுக்காக. நோய் ஒண்ணு, ரெண்டு கடையில கேட்டும் குறையல. அந்தப் பொண்ணுக்கு நூறு படம் வேணும், என்னோடது அதுல சேராது. திங்கக்கிழமைக்கு இன்னும் நாலு நாள்.”

“அந்த நீலம்?” என்றார் கபீர், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

“அதுல கட்டியோட பங்கு என்னோடது, ஊசியோட பங்கு உங்களோடது. எது எவ்வளவுன்னு இனிமே யாராலயும் பிரிக்க முடியாது,” என்றாள் ஜொஹரா. “அது பாக்கி.”