முன் சீட்

வெளிநாட்டு நாவல்களில் விபத்து எப்போதும் மழையிலோ பனியிலோதான் நடக்கும். எங்களுக்கு நடந்தது பதினோரு மணி வெயிலில், பிள்ளைச்சாவடி பஸ் நிறுத்தத்துக்குச் சற்று முன்னால். எதிரே வந்த மீன் வண்டி ஒன்று சிக்னல் போடாமல் என் குறுக்கே திரும்பியது. நான் பிரேக்கை மிதித்தேன். போதவில்லை. எனக்குக் கழுத்துச் சுளுக்கோடு போயிற்று. பக்கத்தில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த அம்மாவின் முகம் டேஷ்போர்டில் மோதியது. முன்பற்கள் இரண்டு போயின. மேலுதட்டில் ஏழு தையல். வலது மணிக்கட்டில் முறிவு.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அதற்குள் பஞ்சநாதன் மாமா தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். அம்மாவின் ஒரே தம்பி. அப்பா இறந்த பிறகு எங்களுக்கு எல்லாவற்றையும் பார்த்துச் செய்தவர்.

"கத புஸ்தகம் படிக்கிற பொண்ணு கையில ஸ்டியரிங்க குடுத்தா இப்படித்தான் ஆவும். ரோட்டுல இருக்கும்போதே வேற எந்த நாட்டுலயோ இருப்பா."

அம்மா ஸ்ட்ரா வைத்துக் கஞ்சியை உறிஞ்சுவதைப் பார்த்தபோது, மாமா சொல்வது உண்மைதானோ என்று எனக்கே தோன்றியது. மீன் வண்டி திரும்பிய அந்த நொடியை எத்தனை முறை நினைத்துப் பார்த்தும், நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் நினைவில் வரவில்லை.

கார் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றது. அதை எங்கே சரி செய்வது என்பதில் மாமாவுக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

"உப்பளத்துல நம்ம ஆதிமூலம் கடைதான். வேற எவன் கையும் அதுல படக்கூடாது. நாளைக்கு வண்டி இழுக்க ஆள் அனுப்புறேன், சாவிய எடுத்து வை."

"கம்பெனி ஒர்க்‌ஷாப்லயும் கேட்டேன் மாமா..."

"நீ கேட்டியா? இடிச்சதும் நீ, கடைய பாக்குறதும் நீயா சுடரு?"

ஆதிமூலம் நல்ல வேலைக்காரரா, கெட்ட வேலைக்காரரா என்று எனக்குத் தெரியாது. மாமா சொன்னதற்காகவே அந்தக் கடை வேண்டாம் என்று தோன்றியது. மறுநாள் அவருடைய ஆள் வருவதற்கு முன்பே காரை ஊர் ஓரத்து மேட்டுப்பாளையத்துக்கு இழுத்துப் போகச் சொன்னேன். அங்கே லாரி நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் ராஜாங்கம் என்பவரின் கடை. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மாமாவுக்கு வேண்டியவர் அல்ல.

ராஜாங்கம் காரை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏர்பேக் ஏம்மா வெடிக்கல?"

"நான் மெதுவாதான் வந்தேன். அதனாலன்னு நெனச்சேன்."

"இது மெதுவா? ரேடியேட்டர் போயி இன்ஜின் மடியில ஒக்காந்திருக்கு!"

முன் சீட்டுக்கு எதிரே டேஷ்போர்டைக் கட்டைவிரலால் தடவினார். ஓரிடத்தில் நிறுத்தி, அங்கே கத்தி முனையைச் செருகி நெம்பினார். சம்படத்தின் மூடிபோல ஒரு சதுரம் கையோடு வந்தது. உள்ளே பை இல்லை. பழைய லுங்கித் துண்டைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். ஸ்டியரிங்கைத் திறந்தார். அங்கே லுங்கிகூட இல்லை.

"இந்த வண்டி முன்னாடியே ஒரு தடவ நல்லா அடி வாங்கியிருக்கு. அப்ப ரெண்டு பையும் வெடிச்சிருக்கும். புதுசு போடாம மூடிய ஒட்டிட்டானுங்க. மீட்டர்ல லைட் எரிஞ்சு காட்டிக் குடுக்காம இருக்க ஒயர்லயும் வேல பண்ணியிருக்கானுங்க. யாரு வாங்கிக் குடுத்தது?"

முழங்கால் வலியால் அம்மாவுக்குப் பஸ் ஏற முடியவில்லை என்று எட்டு மாதத்துக்கு முன் மாமாதான் இந்தக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். "கீறல்கூட இல்லாத வண்டிக்கா" என்றார். அம்மா சந்தோஷத்தில் அழுதாள்.

"ஒட்டினது யாருன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

"ஒட்டுனவன் கையெழுத்தா போட்டுட்டுப் போவான்? ஆனா ஒண்ணு. அவன் கடைக்கே இது திரும்பிப் போச்சின்னா, நீ இப்ப பாத்தது எதுவும் அப்புறம் இருக்காது."

கோபம் கண்ணை மறைக்கும் என்பார்கள். எனக்கு எதுவும் மறையவில்லை. அந்த லுங்கியின் நீலக் கட்டங்கள், ஓரத்துத் தையல், அதில் ஒட்டியிருந்த பசை, எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அம்மா போனை நெடுநேரம் பார்த்தாள்.

"அவனுக்குத் தெரிஞ்சிருக்காதுடி. அவனையும் எவனோ ஏமாத்தியிருப்பான்."

"அப்ப ஏம்மா ஆதிமூலம் கடைதான், ஆதிமூலம் கடைதான்னு குதிக்கிறாரு?" நான் கத்தினேன். அம்மாவிடம் அப்படிக் கத்தியதே இல்லை. அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மாலையில் மாமா வந்தார். பின்னால் அவருடைய மகள் கவிநிலா, பதினைந்து வயது, ரசம் சாதத் தூக்கோடு. மாமா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யாரக் கேட்டுடி வண்டிய மேட்டுப்பாளையத்துக்கு அனுப்புன?"

போனை நீட்டினேன். அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"இதுவா? அந்தக் கடைக்காரனே புடுங்கிட்டுத் துணிய அடைச்சிருப்பான். ஆதிமூலத்துக்கிட்ட போயிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது."

"வந்திருக்காது மாமா. தெரிஞ்சே இருக்காது!"

அம்மா இடது கையைத் தூக்கினாள். தையல் இழுக்க, ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது.

"பஞ்சு. ஆதிமூலம் கடைக்கே விடலாம்."

"அம்மா!"

"நீ சும்மா இரு. முன்ன இருந்த மாதிரியே பண்ணிக் குடுக்கட்டும். மொத நாளு நீ ஓட்டு பஞ்சு. மரக்காணம் வரைக்கும் போயிட்டு வா."

மாமாவின் முகம் தெளிந்தது. "போறேன்க்கா. அதுக்கென்ன?"

"கவிநிலாவ கூட்டிக்க. முன் சீட்டுல ஒக்கார வை."

"அவ எதுக்குக்கா வெயில்ல... சரி, வரட்டும். பின்னாடி ஒக்காந்துக்குவா."

"ஏன் பின்னாடி?"

கவிநிலா தூக்கைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஒக்கார வைடா முன்னாடி," என்றாள் அம்மா. உதட்டில் ரத்தம் கசிந்தது. "என்னைய ஒக்கார வச்சியே? என் பொண்ணாலதான் என் பல்லு போச்சின்னு தெரு பூரா சொன்னியே?"

"அக்கா, மெதுவா ஓட்டுனா ஒண்ணும் ஆவாதுன்னு ஆதிமூலந்தான் சொன்னான். ஊர்ல பாதி வண்டி இப்படித்தான் ஓடுது..."

"சுடரு, ஆட்டோ கூப்புடு. ஸ்டேஷனுக்குப் போவணும்."

"கூடப் பொறந்தவன் மேலயாக்கா கேசு?"

அம்மா சேலை மாற்ற உள்ளே போனாள். ஒற்றைக் கையால் முடியாது. கொசுவத்தை நான் பிடித்தேன். மடிப்பு நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது.

"அழுவாத," என்றாள். "அங்க நீதான் பேசணும். எனக்கு வாய் வரல."

கூடத்தில் கவிநிலாவின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"சொல்லுப்பா. நான் ஏன் பின்னாடி ஒக்காரணும்?"