இவாசே பிரபுவின் கண்ணீர் என்னிடம் இருந்தது

இவாசே பிரபுவின் அழுகையை நான்தான் அழுது வந்தேன். அவருடைய தகப்பனார் இறந்தபோது அவர் குதிரைமேல் நிமிர்ந்து உட்கார்ந்து வில்வீரர்களைப் பார்வையிட்டார். நான் லாயத்துக்குப் பின்னால் நின்று தேம்பினேன். கோட்டையில் அவர் வசாபிக் காரத்தைக் கொஞ்சம் கூடுதலாகத் தொட்டுக்கொண்டால், ஊருக்குள் என் வீட்டில் எனக்குக் கண் எரியும். எங்கள் சீமையில் ஏற்பாடு அப்படித்தான். சாமுராய் என்றால் வாள்தான் என்று வெளியூரில் நினைக்கிறார்கள். வாளுக்கு ஆள் நிறைய இருந்தார்கள். பிரபுவின் விக்கலைத் தொகுஸோ விக்கினான். ஜின்னாய் அவருடைய சிரிப்பைச் சிரித்தான். பிரபுவின் உடம்பு எதையும் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது, அதற்குத்தான் நாங்கள்.

வேலையில் சேரும் அன்றே கண்ணை ஒப்படைத்துவிட வேண்டும். பார்ப்பது நமக்கு, அழுவது அவருக்கு. அதனால் என் சொந்தத்துக்கு அழ என்னிடம் ஒரு சொட்டும் கிடையாது. அது ஒரு குறையாக எனக்குப் பட்டதில்லை, என் மனைவி கினு சாகிற வரைக்கும்.

மழைக்காலம் முடிகிற சமயம். காய்ச்சல் வந்தது, செத்துப்போனாள். செத்ததும் எழுந்து முகம் கழுவி, ஒரு மூட்டை கட்டி, வைக்கோல் செருப்பை மாட்டிக்கொண்டு அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள். எங்கள் பக்கத்தில் செத்தவர்கள் படகில்தான் அக்கரைக்குப் போவார்கள். படகு மிதக்க அந்த வீட்டார் அழுகிற தண்ணீர் வேண்டும். படகுக்காரனும் வந்து, எங்கள் வாசலில் காய்ந்து கிடந்த வாய்க்காலில் படகைப் போட்டு, அதிலேயே படுத்துக்கொண்டான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து அழுதார்கள், நல்ல மனதோடுதான் அழுதார்கள். படகின் அடி நனைந்ததோடு சரி.

"என்ன, ஆரம்பிக்கலாமா?" என்றாள் கினு.

"வரமாட்டேங்குது."

"தெரியாதா எனக்கு? வெங்காயத்தாள் நறுக்கற வேலையை இத்தனை வருஷமா உங்க தலையில ஏன் கட்டினேன்னு நெனச்சீங்க?"

நாள் போகப் போக அவள் மெலிய ஆரம்பித்தாள். முதலில் அவளுக்குப் பின்னால் இருந்த சட்டி தெரிந்தது. பிறகு அந்தச் சட்டியில் இருந்த கீறலும் தெரிந்தது. நான் கதவை வேகமாகத் தள்ளினால் அந்தக் காற்றுக்கே உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு முழம் நகர்ந்துவிடுவாள்.

"இப்படியே விட்டா கலைஞ்சு போயிடுவேன்," என்றாள். "அப்புறம் அக்கரையிலயும் நான் இருக்க மாட்டேன், இக்கரையிலயும் இருக்க மாட்டேன். உங்க எசமான்கிட்டப் போய்க் கேளுங்க."

போய்க் கேட்டேன். பிரபு கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"கண்ணைத் திருப்பித் தர முடியாது, கன்சுகே," என்றார். "தந்தால், அடுத்த சீமைத் தூதன் எதிரில் நான் அழ வேண்டி வரும்." கொஞ்ச நேரம் விசிறியைத் திறந்து மூடினார். "ஆனால் உன் மனைவிக்காக நான் வருத்தப்படலாம். அதை யாரும் தடுக்க முடியாது."

"நீங்கள் வருத்தப்பட்டால் எனக்கு அழுகை வரும், ஐயா."

"வரட்டும்."

கண்ணை மூடி முயற்சி செய்தார். எனக்குப் பொலபொலவென்று கொட்டியது. ஒரு சொட்டும் வீணாகாமல் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். வாசலில் நின்று அழுதேன். வாய்க்கால் நிறைந்து படகு ஆடியது. கினு மூட்டையோடு வந்து நின்றாள். படகுக்காரன் தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"இது குதிரைக்கு அழுதது," என்றான்.

பிரபு கினுவைப் பார்த்ததே இல்லை. வருத்தப்பட வேண்டும் என்றதும் மனது போய் நின்றது அவருடைய சாம்பல் குதிரையிடம். அது எப்போதோ செத்து, யாரும் அழாததால் இன்னும் லாயத்திலேயே நின்றுகொண்டிருந்தது. இப்போது தெருவழியே நிதானமாக வந்து, படகில் ஏறி, எங்களைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது. படகுக்காரன் அதை விட்டுவிட்டுத் திரும்புவதற்குள் வாய்க்கால் வற்றிவிட்டது. கடைசிக் கொஞ்ச தூரம் படகை இழுத்துக்கொண்டே வந்தான்.

"குதிரைக்கே இவ்வளவா," என்றாள் கினு. "மனுஷனுக்கு ஈரம் இருக்கத்தான் செய்யுது." மறுபடியும் அடுப்படியில் போய் உட்கார்ந்தாள்.

தெரியாதவளுக்காக எப்படி வருத்தப்படுவது என்று பிரபு யோசித்தார். தெரிந்துகொள்ள வேண்டியதுதான் என்று முடிவு செய்தார். குடை பிடிக்கிற ஆளைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"செத்தவங்க எழுந்து வணங்கக் கூடாது, ஐயா. தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள் கினு. ஒரு தட்டில் முள்ளங்கி ஊறுகாயை எடுத்துவைத்தாள். கோட்டையில் உண்கிற மாதிரி அவர் சத்தமே இல்லாமல் மென்றார்.

"கடிச்சுத் தின்னுங்க. முள்ளங்கி வேற எதுக்கு இருக்கு?"

பிரபு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கடித்தார். அந்தச் சத்தத்துக்கு வெளியே படகுக்காரன் எழுந்து உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு தினமும் வந்தார். எதிரிக் கோட்டையின் வாசல்களை விசாரிக்கிற மாதிரி அவளைப் பற்றி விசாரித்தார். கோபம் வந்தால் என்ன செய்வாள், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாள், கல்யாணத்தன்று என்ன நினைத்தாள்.

"இவர் காது ஏன் இவ்வளவு பெரிசுன்னு நெனச்சேன்," என்றாள் கினு, என்னைக் காட்டி.

அன்றைக்குக் கோட்டைச் சுவரில் சாய்ந்துகொண்டு ஜின்னாய் வயிறு வலிக்கச் சிரித்தான் என்று கேள்விப்பட்டேன்.

"இவ்வளவு பெரிய கோட்டையில இந்தக் கழுத்துப்பட்டியை நேராக்கி விட ஒரு ஆள் இல்லையா?" என்று ஒருநாள் கேட்டாள். மறுநாள் அவர் அங்கியின் கை கிழிந்திருந்தது. தைத்துக் கொடுத்தாள். அதற்கு மறுநாள் மற்றக் கையும் கிழிந்திருந்தது. அது கையால் கிழித்த கிழிசல்.

வருத்தம் மட்டும் வரவில்லை. வர வர அவருக்குச் சந்தோஷம்தான் கூடிக்கொண்டு போனது.

"இவர் என்னை வழியனுப்ப வர்றாரா, விருந்துக்கு வர்றாரா?" என்று கினு என்னிடம் முணுமுணுத்தாள். அந்த முணுமுணுப்பையே பக்கத்தில் போய்த்தான் கேட்க வேண்டியிருந்தது. அவரை நான் அவசரப்படுத்தியிருக்கலாம். செய்யவில்லை. அவள் இருந்தாளே.

கடைசியில் ஒரு மதியம், பிரபு கையை நீட்டினார், கினு ஊசியை எடுத்தாள். ஊசி அவள் விரல் வழியாகக் கீழே விழுந்தது. மறுபடி எடுத்தாள். மறுபடி விழுந்தது. மூன்றாம் தடவை அவளுக்கு எடுக்கவே வரவில்லை.

"இன்னிக்கு வெளிச்சம் சரியில்ல," என்றாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

பிரபு குனிந்து ஊசியை எடுத்தார். அவர் அதுவரை ஊசியைத் தொட்டதில்லை. அங்கியை மடியில் போட்டுக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி தானே தைக்க ஆரம்பித்தார். கினு எட்டிப் பார்த்தாள்.

"தவளை சேத்துல நடந்த மாதிரி இருக்கு," என்றாள். "பிரிச்சிட்டு நல்ல ஆளா பார்த்துத் தைக்கச் சொல்லுங்க."

"பிரிக்க மாட்டேன்," என்றார் பிரபு.

எனக்கு இடது கண்ணில் ஈரம் தட்டியது.

அவர் தையலையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் கோட்டைக் கதவு மாதிரி இருந்தது. எனக்கு வலது கண்ணும் நிறைந்தது. எழுந்து வாசலுக்குப் போனேன். வாய்க்காலில் முதலில் ஒரு கோடாக ஓடியது, பிறகு கூழாங்கற்கள் மூழ்கின. படகுக்காரன் விரலை நனைத்து நாக்கில் வைத்தான். தலையை ஆட்டிவிட்டுத் துடுப்பை எடுத்தான்.

"போதுமா?" என்று பிரபு உள்ளேயிருந்து கேட்டார்.

"இன்னும் கொஞ்சம், ஐயா."

கினு மூட்டையோடு வந்தாள். தண்ணீரின் ஈரம் பட்டதும் அவள் கொஞ்சம் தெளிந்தாள். கன்னத்து மச்சம் திரும்பவும் தெரிந்தது. படகில் ஏற நான் கை கொடுத்தேன். அவள் கை என் கைக்குள் இருந்தது.

"ஊறுகாய் ஜாடி மேல கல்லைத் தூக்கி வைக்க மறந்துடாதீங்க," என்றாள். பிறகு என் காதைப் பார்த்தாள். "பெரிசுதான்," என்றாள்.

படகு நகர்ந்தது. தெரு திரும்புகிற இடத்தில் அவள் செருப்பைக் கழற்றிக் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டதைப் பார்த்தேன்.

"இன்னுமா?" என்றார் பிரபு.

"இன்னும் கொஞ்சம், ஐயா."

அவர் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து வருத்தப்பட்டார். வாசலில் நின்று நான் அழுதேன். நடுவில் அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எந்தத் தண்ணீர் யாருடையது என்று நானும் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் பிரபு வழக்கமான நேரத்துக்கு வந்து உட்கார்ந்தார். தேநீர் கொதித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் பக்கத்து வழக்கப்படி வடக்கே இருக்கிற மலை துக்கம் விசாரிக்க வந்தது. வாசலில் பனியைக் கழற்றி வைத்துவிட்டு, குனிந்து உள்ளே நுழைந்தது. பிரபு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். நான் இன்னொரு கோப்பையில் தேநீர் ஊற்றி அதன் முன்னால் வைத்தேன்.